வாய் திறந்த நளினம்

கலைக் கல்லூரியின் இரண்டாம் மாடியில், ஜன்னல் பெரிதாக இருக்கும் மூலை அறையில் ஒரு மர மேடை. மேடைமேல் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்கு வேலை. மாணவர்கள் அவளைச் சிலையக்கா என்று கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. அவள் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். மூக்கு நுனியில் ஈ வந்து உட்கார்ந்தாலும், ஈதான் சலித்துப்போய் எழுந்து போகுமே தவிர, இவள் முகம் சுளிக்க மாட்டாள்.

சுளிப்பதெல்லாம் உள்ளே. முகத்தில் அமைதி வழிந்துகொண்டிருக்க, மனசுக்குள் எதிரே இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருப்பாள். வகுப்பு முழுக்க அவளைச் சுற்றி உட்கார்ந்து மணிக்கணக்காக அவளையே பார்க்கிறது. பார்த்துவிட்டு வேறு யாரையோ வரைகிறது. ஒருவன் தாளில் சினிமாக்காரி இருப்பாள். இன்னொருவன் தாளில் அவன் பேசப் பயந்துகொண்டிருக்கும் வகுப்புத் தோழி இருப்பாள். முன்வரிசைப் பெண் எப்போதும் தன்னையே வரைந்துகொள்வாள், மூக்கை மட்டும் கொஞ்சம் திருத்தி. இதற்கு எதற்கு ஒரு மேடை, ஒரு மின்விசிறி, இடுப்பு வலிக்க வலிக்க ஒரு பொம்பளை? கண்ணை மூடிக்கொண்டு வரைந்தாலும் இதுதான் வரப்போகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே நளினம் சார். துறைத் தலைவர். வாயைத் திறந்தால் மூன்றாவது வார்த்தை நளினம் என்பதால் அந்தப் பெயர். சார் வரைந்த பெண்கள் பல பெரிய மனிதர்களின் வரவேற்பறைகளில் தொங்குகிறார்கள். எல்லாருக்கும் கழுத்து ஒரு முழம். அந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு ஒருத்தியும் ஒரு கூடை ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற முடியாது. எல்லாருக்கும் அரைக்கண், தூக்கமா காய்ச்சலா என்று சொல்ல முடியாது. விரல்மேல் ஒரு குருவி கட்டாயம். எந்தக் காலத்தில் எந்தக் குருவி யார் விரலில் வந்து உட்கார்ந்தது என்று சிலையக்காவுக்குக் கேட்க ஆசைதான். ஆனால் மேடையில் இருக்கும்போது பேசக்கூடாது, இறங்கினபிறகு சாரிடம் பேசப் பிடிக்காது.

அவளை இந்த வேலைக்குக் கொண்டுவந்ததே சார்தான். அப்போது அவள் ஒரு துணிக்கடையில் திரைச்சீலைப் பகுதியில் நின்றுகொண்டிருந்தாள். நிஜமாகவே நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கடையில் வேலை செய்கிறவர்கள் உட்காரக்கூடாது என்று சட்டம். வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும், கால் வீங்கினாலும் நிற்க வேண்டும். கட்டிய புருஷன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போயிருந்த வருஷம் அது. வீட்டில் படித்துக்கொண்டிருந்த தங்கை ஒருத்தி வேறு. அதனால் நின்றாள்.

சார் மனைவியோடு திரைத்துணி வாங்க வந்தார். மனைவி நிறம் நிறமாகப் பிரித்துப் போடச் சொல்லிக்கொண்டிருக்க, சார் துணியைப் பார்க்கவில்லை.

"ஏம்மா, எங்க கல்லூரிக்கு வந்து பிள்ளைங்க வரையறதுக்கு மாதிரியா இருக்கறியா? மரியாதையான வேலை."

மனைவி கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு அவரைப் பார்த்த பார்வையிலேயே, அந்த வீட்டில் இது முதல் தடவை இல்லை என்று இவளுக்குப் புரிந்தது. ஆனாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்க உட்காரலாமா சார்?"

"உட்கார்றதுதாம்மா வேலையே."

அடுத்த வாரமே கடையை விட்டாள். சார் மற்றபடி ஒழுங்கான மனிதர்தான். கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டுமே. அவருக்கு வேண்டியது பெண்ணில்லை, கழுத்து.

உட்காருவது சும்மா விஷயம் இல்லை என்று போன பிறகுதான் தெரிந்தது. கல்லூரி அலமாரியில் ஒரு பச்சைப் பட்டுப்புடவை. சாயம் கரைக்கிற டர்பன்டைன் நாற்றம் அடிக்கும், எத்தனை பேர் உடுத்தினதோ. அதைச் சுற்றிக்கொண்டு ஏற வேண்டும். பாதத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போடுவார்கள், இறங்கித் திரும்ப ஏறும்போது அதே இடத்தில் வைப்பதற்கு. தொடை மரத்துப்போகும், தோள் பற்றி எரியும். அவள் எதிர்ச்சுவரில் ஒரு ஆணியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை அதில் மாட்டிவிட்டால் உடம்பு தானாக நிற்கும். மற்ற மாதிரிகள் வந்தார்கள், தும்மினார்கள், அரித்தது என்று சொறிந்தார்கள், போனார்கள். இவள் மட்டும் இருந்தாள். வரைய வந்தவர்களுக்கெல்லாம் வரையத் தெரியவில்லை. எனக்கு உட்காரத் தெரியும் என்பது அவள் கர்வம். அந்த அறையில் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள் தான்தான் என்று வீட்டில் தங்கையிடம் சொல்லிச் சொல்லி, தங்கைக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

தங்கை படித்து முடித்து ஒரு மருந்துக் கடையில் சேர்ந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று அக்காவோடேயே தங்கிவிட்டாள். சாப்பிடுவது அக்கா சம்பாதித்ததில்; வேலை செய்யும் இடத்தில் கேட்டால், "அக்கா கல்லூரியில இருக்காங்க" என்று மட்டும் சொல்வாள். கல்லூரியில் என்னவாக என்று கேட்டால் மாத்திரை தேடப் போய்விடுவாள். இது சிலையக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டுக்கொள்ளவில்லை. தங்கையைப் பற்றியும் அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லை.

ஒரு வருஷத்து வகுப்பில் ஒருத்தி இருந்தாள். ஆம்பளைப் பையன் மாதிரி முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, சட்டையில் சாயத்தைத் துடைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பாள். சிலையக்கா அவளுக்கு வைத்த பெயர் குட்டைமுடிக்காரி. மேடையில் இவள் உயிரைக் கொடுத்து உட்கார்ந்திருக்கும்போது அவள் பென்சில் சீவிக்கொண்டிருப்பாள். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள். நளினம் சார் அவள் தாளைத் தூக்கிக் காட்டி, "இதுல எங்கம்மா நளினம்?" என்று வகுப்பைச் சிரிக்க வைப்பார். சோம்பேறிக் கழுதை, அப்பன் காசில் பொழுது போக்க வந்திருக்கிறது என்று சிலையக்கா தீர்ப்பு எழுதிவிட்டாள்.

இடைவேளைக்கு மணி அடித்தால் எல்லாரும் டீ குடிக்க ஓடுவார்கள். சிலையக்கா மேடையிலிருந்து இறங்கி, சுவரோரமாகக் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் விழுவாள். விழுந்த மறு நிமிஷம் தூக்கம். குட்டைமுடிக்காரி டீ குடிக்கப் போகாதது அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பெண் படித்து முடித்துப் போய்ச் சில வருஷங்கள் கழித்து, வகுப்பு முடிந்து கிளம்பும் நேரத்தில் நளினம் சார் சிரித்துக்கொண்டே வந்தார்.

"சிலையம்மா, நகரத்துல பெரிய கண்காட்சி. 'இன்றைய இந்திய ஓவியத்தில் பெண்மையின் நளினம்'னு தலைப்பு. நம்ம மாணவியோட படம்தான் நடுச்சுவர்ல. யாரைப் பார்த்து வரைஞ்சது தெரியுமா? உன்னைத்தான். தொடக்க விழாவுக்கு அவசியம் வரணும்."

"எந்த மாணவி சார்?"

"அதான், முடி வெட்டிக்கிட்டு இருக்குமே. நான் அப்பவே சொன்னேன், இந்தப் பொண்ணு வரும்னு."

அவர் அப்போது சொன்னது என்னவென்று இவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. முகத்தை அமைதியாக வைத்துக்கொள்வது கைவந்த கலை என்பதால் வைத்துக்கொண்டாள்.

ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருஷம் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு ஒரு நாள் ஒருத்தியாவது ஒழுங்காக வரைந்திருக்கிறாள். எந்த நிலையாக இருக்கும்? முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினதா? இல்லை, முதுகு காட்டி உட்கார்ந்து கழுத்தை மட்டும் திருப்பினதா? அது கஷ்டமான நிலை, அவளைத் தவிர யாராலும் முடியாதது. தங்கையிடம் நல்ல புடவையாகக் கட்டச் சொன்னாள். வேலை இடத்தில் இருந்து இரண்டு பேரைக் கூட்டி வருகிறேன் என்று தங்கையே முன்வந்தாள். இத்தனை நாள் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தவளுக்கு இப்போது அக்கா என்ன வேலை செய்கிறாள் என்று சொல்ல வந்துவிட்டது.

கண்காட்சிக் கூடம் குளிரூட்டப்பட்டிருந்தது. நுழைந்ததும் இரண்டு பக்கமும் கழுத்துகள். தாமரையோடு ஒருத்தி, விளக்கோடு ஒருத்தி, நிலாவைப் பார்த்து ஏங்குகிற ஒருத்தி. ஏங்குவதைத் தவிர இவர்களுக்கு வேறு வேலையே கிடையாதா என்று சிலையக்கா மூக்கால் சிரித்தாள். படங்களுக்கு முன்னால் கண்ணாடித் தம்ளரோடு நின்றவர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். சாய்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

நடுச்சுவரில் கூட்டம். தங்கை முந்திக்கொண்டு போனாள். போனவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

படத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒரு பொம்பளை மல்லாந்து தூங்குகிறாள். தலை பின்னால் தொங்கி, வாய் திறந்து, உள்ளே பல் இல்லாத இடம் இருட்டாகத் தெரிகிறது. பச்சைப் புடவை முழங்கால் வரை ஏறி, முந்தானை மடியில் சுருண்டு கிடக்கிறது. ஒரு கால் செருப்பிலிருந்து கழன்று மற்றக் கால்மேல் ஏறியிருக்கிறது. குதிகால் வெடிப்பு ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கலாம் போல. ஒரு கை பக்கத்தில் தொங்குகிறது, விரல்கள் லேசாக விரிந்து, பிடித்திருந்த எதையோ விட்டுவிட்ட மாதிரி.

"என்ன ஒரு நளினம்," என்றாள் பக்கத்தில் நின்ற ஒரு பட்டுப்புடவைக்காரி.

"அந்தக் கையைப் பாருங்க," என்றார் நளினம் சார், கூட்டத்துக்கு நடுவே நின்று, தானே வரைந்த மாதிரி. "பெண்மை தன்னை மறந்த நிலை. இதைத்தான் நான் வகுப்புல முப்பது வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்."

தங்கை கூட்டி வந்த இரண்டு பேரும் படத்தைப் பார்த்தார்கள், சிலையக்காவைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். தங்கை காதோரம் குனிந்து, "அக்கா, நீ வீட்லயும் இப்படித்தான் தூங்குவ," என்றாள்.

"வாய மூடு."

"என் வாயையா சொல்ற, அந்த வாயையா?"

சிலையக்கா நேராகக் குட்டைமுடிக்காரியிடம் போனாள். அவள் ஒரு தூணோரம், இந்தச் சத்தத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பது போல நின்றிருந்தாள். முடி இன்னும் அப்படியேதான் இருந்தது.

"வந்துட்டீங்களா அக்கா," என்று கையைப் பிடிக்க வந்தாள்.

"என்னைக் கேட்டியா?"

"இல்லக்கா."

"ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா நீங்க உட்கார்ந்திருப்பீங்க."

"அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்? மேடையில நாள் முழுக்க உட்கார்ந்தேன். அப்ப நீ பென்சில் சீவிக்கிட்டு இருந்த. நான் இறங்கினதும், வேலையில இல்லாதவள வரைஞ்சிருக்க. தூங்கறவகிட்ட எடுக்கறதுக்குப் பேரு வேற."

குட்டைமுடிக்காரிக்கு முகம் வெளுத்தது. "மேடைல இருக்கும்போது உங்களைப் பார்க்க முடியலக்கா. அங்க நீங்க இல்ல," என்று ஏதோ சொன்னாள். சிலையக்கா கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அங்கே நான் இல்லையாம். பின்னே யாருக்கு முதுகு வலித்தது?

அடுத்த நாள் படம் பத்திரிகையில் வந்தது. முகம் கடுகளவு இருந்தால்கூடப் பரவாயில்லை, பக்கத்தில் கால்வாசிக்குப் போட்டிருந்தார்கள். துணி இஸ்திரி போடுகிறவர், "நீங்களாம்மா இது? நான் யாரோ போயிட்டாங்கன்னு நெனச்சேன்," என்றார். கீழ் வீட்டுக்காரி, பல் மருத்துவர் ஒருவரின் விலாசத்தை அக்கறையாகக் கொடுத்துவிட்டுப் போனாள். கல்லூரி வாயில்காவலர் எழுந்து வணக்கம் வைத்தார், அதுவரை வைக்காதவர். எல்லாரும் சேர்ந்து சிலையக்காவுக்கு உலகத்தின் மேல் இருந்த மதிப்பை இன்னும் கீழே இறக்கினார்கள். இறங்க இடம் இருந்தது அவளுக்கே ஆச்சரியம்.

கண்காட்சி முடிவதற்குள் அவள் இன்னொரு தடவை போனாள். தங்கையிடம் சொல்லவில்லை. படத்தில் என்னென்ன தப்பு இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, என்றாவது அந்தப் பெண் எதிரே வந்தால் முகத்தில் எறிய வேண்டும் என்று போனாள். கூடத்தில் ஆளில்லை. படத்துக்கு நேரே நின்றாள்.

தப்புத் தேடினாள். புடவைக் கரை சரியாகத்தான் இருந்தது. நாற்காலியின் ஒரு கால் வளைந்திருக்கும், அதுவும் இருந்தது. பிறகு அந்தப் பொம்பளையைப் பார்த்தாள். எவ்வளவு களைப்பு. நிமிர்ந்து உட்கார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, யாராவது சொல்வார்கள் என்ற பயமும் அவளிடம் இல்லை. வெட்கங்கெட்டவள் என்று சிலையக்கா நினைத்தாள். நினைத்த பிறகும் அங்கேயே நின்றாள். தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கையை யாராவது எடுத்து மடியில் வைத்தால் தேவலை என்று இருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் கண்றாவிக்கு அழுகையா என்று தன்மேலேயே அருவருப்பாகி, திரும்பி நடந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளியிடம், "அவள வாய மூடச் சொல்லுங்க, பூச்சி போகப்போகுது," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் யாரைச் சொல்கிறாள் என்று தெரியாமல் விழித்தார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குட்டைமுடிக்காரி வீட்டுக்கே வந்தாள், கையில் ஒரு பிஸ்கட் டப்பாவோடு. தங்கைதான் கதவைத் திறந்தாள்.

"அக்கா, மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்," என்றாள் அவள், நின்றபடியே. "நான் கேட்டிருக்கணும். என்ன செஞ்சா உங்க மனசு ஆறும்னு சொல்லுங்க."

சிலையக்கா டப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். தூங்கினதுக்குக் கூலி பிஸ்கட்.

"ஒழுங்கா ஒரு படம் வரைஞ்சு குடு. நான் உட்கார்றேன். நான் சொல்ற மாதிரி."

அவள் சரி என்று போய்ச் சாமான்களோடு திரும்பி வந்தாள். சிலையக்கா தலை வாரி, தன்னுடைய சொந்த நீலப் புடவையைக் கட்டி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகு நேர், கை மடியில், முகவாய் ஒரு இழை தூக்கினது. வாய் இறுக்கமாக மூடினது. ஆணி இல்லை என்பதால் கடிகாரத்தின் நடுப்புள்ளியில் கண்ணை மாட்டினாள். வெயில் ஜன்னலில் ஏறி, அந்தப் பக்கமாக இறங்கியது. தங்கை சமைத்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்தாள். சிலையக்கா அசையவில்லை. அன்றைக்கு உட்கார்ந்த மாதிரி அவள் வாழ்நாளில் உட்கார்ந்ததில்லை.

குட்டைமுடிக்காரி தூரிகையைக் கீழே வைத்தாள்.

"நல்லா வரலக்கா," என்றாள் கடைசியில். "என் தப்பாவும் இருக்கலாம்."

படத்தில் ஒரு மூக்கு, இரண்டு கண், நீலப் புடவை, எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கின மாதிரி இருந்தது. சிலையக்கா கிட்டே போய்ப் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள். தலையை மட்டும் சாய்க்கவில்லை.

"இதான் நல்லா இருக்கு. சட்டம் போட்டுக் குடு."

தங்கை எட்டிப் பார்த்து, "யாரு இது?" என்றாள். நிஜமாகவே கேட்டாளா, வம்புக்குக் கேட்டாளா என்று சொல்ல முடியாது.

"உங்க அக்கா," என்றாள் சிலையக்கா. "பார்த்ததில்லையா நீ?"

அந்தப் படம் கூடத்துச் சுவரில் வாசலுக்கு நேராக மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு," என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். தூங்குகிற படத்தை யாரோ ஒரு கண் மருத்துவர் வாங்கித் தன் மருத்துவமனையில் மாட்டினாராம். கண்ணை மூடினவளைக் கொண்டுபோய் அங்கே மாட்டுகிற புத்தி யாருக்கு வரும் என்று சிலையக்கா கேட்டாள்.

வேலையை அவள் விடவில்லை. புது மாணவர்கள் வந்தார்கள். அவர்களும் வேறு யாரையோ வரைகிறார்கள். நளினம் சார் இப்போது இடைவேளையிலும் அறையிலேயே இருக்கச் சொல்லி மாணவர்களை நச்சரிக்கிறார், தன்னை மறந்த நிலை எப்போது வரும் என்று தெரியாதாம். மணி அடித்ததும் சிலையக்கா பழைய சட்டங்களும் உடைந்த ஸ்டூல்களும் கிடக்கும் பின்னறைக்குப் போய், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். சாய்ந்து கண்ணை மூடுகிறாள். தூக்கம் வருகிற நேரம் பார்த்து வாய் திறக்கிறதா என்று அவளே கவனிக்க ஆரம்பித்துவிடுகிறாள். வந்த தூக்கம் போய்விடுகிறது. சனியன் பிடித்த பெண் என்று குட்டைமுடிக்காரியைத் திட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, யாருமில்லாத அந்த அறையில் அடுத்த மணி வரைக்கும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறாள்.